ஏர் ரைஃபிள் பயிற்சிக்கு எந்த பெல்லட்: மலிவு டப்பாவா, ஒரே லாட் டப்பாவா?

எங்கள் வீடு தண்டையார்பேட்டையில். மகள் ஒன்பதாம் வகுப்பு. துப்பாக்கி சுடும் வீராங்கனை இளவேனில் வாலறிவன் சுடுவதைப் பார்த்து ஆசைப்பட்டு, ஒன்றரை வருடமாக 10 மீட்டர் ஏர் ரைஃபிள் பழகுகிறாள். ரைஃபிள் கிளப்புடையது, பெல்லட், அதாவது அதில் போடும் ஈயக்குண்டு, நம் செலவு. மூன்று தரத்திலும் வாங்கிப் பார்த்துவிட்டேன். புதிதாகச் சேர்த்துவிடும் பெற்றோர் எது வாங்கலாம் என்று கேட்கிறார்கள், அதனால் எழுதுகிறேன்.

தலை வடிவத்தில் யோசிக்க ஒன்றுமில்லை. தட்டைத் தலைதான். இலக்கு அட்டையில் பஞ்சிங் மெஷின் வைத்து அழுத்தியதுபோல வட்டமாகத் துளை விழும். கூர்முனைக் குண்டு அட்டையைக் கிழித்துக்கொண்டு போகும், வளையக் கோட்டைத் தொட்டதா என்று சொல்லவே முடியாது. அளவு 4.5 மி.மீ. எடை ரைஃபிளுக்கு 0.53 கிராம் பக்கம், பிஸ்டலுக்குக் கொஞ்சம் லேசானது.

மீதி இருப்பது தரம். உள்ளூர் மலிவு டப்பா ஒன்று. நடுத்தர ஜெர்மன் டப்பா ஒன்று, நாங்கள் வாங்குவது ஆர்டபிள்யூஎஸ் மைஸ்டர்குகெல்ன். அதற்கு மேலே போட்டிக்கென்றே வரும் ஆர்10 மேட்ச், ஃபினாலே மேட்ச் போன்றவை. நான் நடுவில் உள்ளதன் பக்கம். காரணம் ஒன்றே ஒன்று: முதல் குண்டு எப்படியோ அப்படியே ஐந்நூறாவது குண்டும் இருக்க வேண்டும்.

முதல் ஆறு மாதம் மலிவு டப்பாதான். ஒருநாள் வரிசையாக 10, 10, 8, 10, 8 என்று விழுந்தது. "நான் சரியாத்தான்ப்பா விட்டேன்" என்று அழுதுவிட்டாள். கோச் அட்டையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "தப்பு பொண்ணு மேலயா, குண்டு மேலயான்னு எனக்கே சொல்லத் தெரியல சார்" என்றார். அது எனக்குப் பெரிதாக உறைத்தது. பிள்ளை தன் தப்பைக் கண்டுபிடித்துத் திருத்திக்கொள்ளத்தானே பயிற்சி?

அன்று ராத்திரி ஒரு பிடி பெல்லட்டைக் கண்ணாடி மேசையில் கொட்டி ஒவ்வொன்றாக உருட்டினோம். பின்பக்க விளிம்பு அகலமாக இருப்பதால் நல்ல பெல்லட் வளைந்து, ஒரே சீராக ஓடும். விளிம்பு நசுங்கியது நொண்டி நொண்டி நிற்கும். அந்த விளிம்பைத்தான் ஸ்கர்ட் என்கிறார்கள். காற்றின் அழுத்தத்தில் அது விரிந்து குழலின் வரிகளைப் பற்றிக்கொண்டால்தான் குண்டு நேராகச் சுழன்று போகும். அப்புறம் தங்கசாலையில் நகை வேலை செய்யும் மச்சானிடம் கொண்டுபோய், மில்லிகிராம் காட்டும் தராசில் இருபது குண்டை நிறுத்தோம். மலிவு டப்பாவில் 0.47 முதல் 0.53 கிராம் வரை இருந்தது. ஜெர்மன் டப்பாவில் இருபதும் 0.01 கிராம் வித்தியாசத்துக்குள் அடங்கிவிட்டன.

அடுத்த வாரம் கோச் மணல்மூட்டையில் ரைஃபிளைச் சாய்த்து இரண்டிலும் பத்துப் பத்து சுட்டார். மலிவு டப்பா ஒரு ரூபாய்க் காசு அளவுக்குக் கலைந்திருந்தது. மற்றது புளியங்கொட்டை அளவில் ஒரே ஓட்டை.

இது ஏன் பெரிய விஷயம் என்றால், ரைஃபிள் அட்டையின் நடுப்புள்ளி வெறும் 0.5 மி.மீ. ஒவ்வொரு வளையமும் 2.5 மி.மீ. அகலம். பத்துக்குள்ளேயே 10.0 முதல் 10.9 வரை கணக்கு இருப்பதால், ஒவ்வொரு 0.1 புள்ளிக்கும் கால் மில்லிமீட்டர்தான். குண்டே இரண்டு மூன்று மில்லிமீட்டர் தள்ளி விழுந்தால் பிள்ளை மூச்சை எப்படிப் பிடித்தாள், ட்ரிக்கரை எப்படி அழுத்தினாள் என்று எதைப் பார்த்துத் திருத்துவது?

ஆகவே பிராண்டைவிட லாட் நம்பரை, அதாவது ஒரே தடவையில் தயாரித்த தொகுதியின் எண்ணைப் பாருங்கள். அதே பெயர், அதே டப்பா, லாட் மாறினால் குரூப் (குண்டுகள் அட்டையில் எவ்வளவு நெருக்கமாக விழுகின்றன என்பது) மாறுகிறது. ஒரு டப்பா வாங்கிச் சுட்டுப் பார்த்து, பிடித்திருந்தால் அதே லாட்டில் ஐந்தாறு வாங்கிவிடுங்கள். ஒரு டப்பாவில் 500 குண்டு, ஒரு நாளைக்கு 60 என்றால் எட்டு நாள் வரும். விலை உள்ளூர் டப்பாவைப்போல இரண்டு மூன்று மடங்கு, மறைக்கவில்லை. நாங்கள் குண்டு போடாமல் சுடும் ட்ரை ஃபயரிங்கைக் கூட்டித்தான் சமாளிக்கிறோம். கோச்சும் அதையே விரும்புகிறார்.

சேர்த்து வாங்கினால் பத்திரப்படுத்த வேண்டும். நம் பக்கம் கடற்காற்று. மூடி சரியாக மூடாத ஒரு டப்பாவில் இரண்டே மாதத்தில் ஈயம் வெள்ளையாகப் பூத்துவிட்டது, மொத்தமாக ஒதுக்கிவிட்டேன். இப்போது செருப்புப் பெட்டியில் வரும் சிலிக்கா பொட்டலத்தோடு ஜிப் கவரில் வைக்கிறோம். ஈயம் என்பதால் சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். பிள்ளைகள் குண்டை வாயில் வைத்துக்கொண்டு லோடு செய்வதைப் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து விடாதீர்கள்.

மேட்ச் டப்பா பற்றி நான் அதிகம் பேசக்கூடாது. மகள் சுட்டது இரண்டே டப்பா. குரூப் ஒரு மயிரிழை இறுகியதுபோலத் தெரிந்தது, அதற்குக் காரணம் குண்டா அவளுடைய அன்றைய கையா என்று பிரித்துச் சொல்லும் அளவுக்குச் சுடவில்லை. மாநிலப் போட்டி அளவில் இருப்பவர்களுக்கு அது பலன் தரலாம். மலிவு டப்பாவுக்கும் ஒரு காலம் உண்டு: நிற்கவும் பிடிக்கவும் பழகும் முதல் மாதம், சரி. புள்ளிக் கணக்கு எழுத ஆரம்பித்த நாளிலிருந்து வேண்டாம்.

எங்கள் லாட்டில் இன்னும் இரண்டு டப்பா இருக்கிறது. அது தீர்வதற்குள் புது லாட்டில் ஒன்று வாங்கி, பழையதோடு ஒரே நாளில், அதே மணல்மூட்டையில் வைத்துச் சுட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.