தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு வடக்கே கரும்புக்காரருக்கு எந்த அரசுப் பணம் உதவும்?

வெருலம், டோங்காட், ஸ்டாங்கர் பக்கத்துச் சரிவுகளில் கரும்பு போடும் சிறு விவசாயிக்கு, வறட்சியையும் 2022 ஏப்ரலில் வந்தது போன்ற வெள்ளத்தையும் தாங்கும்படி நிலத்தைச் சீர்செய்ய மூன்று வாசல்கள் உண்டு: காஸ்ப் (CASP என்ற வேளாண் ஆதரவுத் திட்டம்), லேண்ட்கேர் என்ற நிலப் பாதுகாப்புத் திட்டம், அரசின் வேளாண் வங்கியான லேண்ட் பேங்க் தரும் கலப்பு நிதி.

காஸ்ப் 2004 முதல் இருப்பது. திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. ஆனால் பெரும்பாலும் பணமாக வராது. மாகாண வேளாண்துறை டெண்டர் விட்டு வேலி, பம்பு, குழாய் எனப் பொருளாகத் தரும். ஆகவே விண்ணப்பத்தில் 'பம்பு ஒன்று' என்று மட்டும் எழுதாதீர்கள். நீர்மட்டத்திலிருந்து தொட்டி 40 மீட்டர் உயரம் என்றால், குழாய் உராய்வையும் கூட்டி, மணிக்கு எத்தனை ஆயிரம் லிட்டர் வேண்டும் என்பதையும் எழுதுங்கள். அதிகபட்சம் 35 மீட்டர்தான் ஏற்றும் பம்பு வந்து இறங்கினால் தொட்டிக்குச் சொட்டுத் தண்ணீர் ஏறாது.

லேண்ட்கேர் மண்ணுக்கான பணம்: அரிப்பைத் தடுக்கும் கல்கூடைச் சுவர் (கம்பிக்கூடையில் கல் நிரப்பி அடுக்கியது), பரவிவிட்ட அயல்நாட்டுச் செடிகளை அகற்றல், அதற்கான கூலி. தனியாகக் கேட்பதைவிட ஒரே ஓடைக்கு வடியும் தோட்டக்காரர்கள் சேர்ந்து கேட்பது நல்லது. மேல்தோட்டத்தில் புல் வடிகால் இல்லையென்றால் கீழே எத்தனை வரப்புப் போட்டாலும் உடையும்.

கலப்பு நிதி 2022 அக்டோபரில் தொடங்கியது. ஒரு பகுதி மானியம், மீதி கடன். சொட்டுநீர் போன்ற பெரிய செலவுக்கு இதுதான் பொருத்தம். சிக்கல் தவணையில். 4 லட்சம் ராண்ட் கடனுக்கு 11 விழுக்காடு வட்டி என்று வைத்தாலே முதல் ஆண்டில் 44,000. கடற்கரைக் கரும்பு வெட்டுக்கு வர 12 முதல் 18 மாதம் ஆகும். ஆலை ஓடுவதோ ஏறத்தாழ ஏப்ரல் முதல் டிசம்பர் வரை. மாதத் தவணைக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள், அரவைப் பருவத்தில் கட்டும்படி கேளுங்கள். தண்ணீர் எடுக்கும் உரிமையையும் முதலிலேயே பதிந்துவிடுங்கள். அது இல்லாமல் கோப்பு நகராது. ஒப்புதல் வருவதற்குள் கொட்டேஷன் காலாவதியானால் விலை ஏற்றம் உங்கள் தலையில்தான் விழும்.

எனக்கு ஆதங்கம் வேறொன்றில். மவுண்ட் எட்ஜ்கோம்ப் ஆராய்ச்சி நிலையத்தில் 1939 முதல் நடக்கும் பரிசோதனை, வெட்டுமுன் வழக்கம்போல் வயலுக்குத் தீ வைக்காமல், கரும்பை அப்படியே வெட்டித் தோகையை மூடாக்காக விட்டால் ஹெக்டேருக்கு ஆண்டுக்குச் சுமார் 9 டன் கூடுதல் என்று காட்டியது. இதில் வாங்க வேண்டிய பொருள் ஏதும் இல்லை. பச்சையாக வெட்டும் ஆள் ஒரு நாளில் குறைவாகத்தான் வெட்டுவார், அந்தக் கூலி வித்தியாசமே செலவு. பில் இல்லாத அந்தச் செலவுக்கு, ஹெக்டேருக்கு இவ்வளவு என்று மூன்றில் எதுவும் தருவதில்லை. பிரெஞ்சுத் தீவான ரியூனியனில் ஐரோப்பிய ஒன்றியப் பணம் ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் இப்படிப்பட்ட நடைமுறைகளுக்கே ஹெக்டேர் கணக்கில் தருகிறது. இங்கும் அது வேண்டும்.

அதுவரை சரிவான துண்டுகளில் மட்டுமாவது எரிப்பதை நிறுத்துங்கள். மேற்பரப்பில் சொட்டுநீர்க் குழாய் போட்ட துண்டிலும் தீ வேண்டாம், குழாய் உருகிவிடும். உள்நாட்டில் பனி உறையும் பள்ளங்களில் கனத்த மூடாக்கு மண்ணைக் குளிராக வைத்து மறுதாம்பை, அதாவது வெட்டிய கட்டையிலிருந்து வரும் துளிரை, தாமதப்படுத்தும். அங்கே எரித்தாலும் வெட்டிய கரும்பு நுனிகளையாவது வயலில் பரப்பிவிடுங்கள்.