ஊசியா, நாம்பனா?

பசுவைச் சினைப்படுத்தச் சினை ஊசி (உறைந்த விந்தைச் செலுத்தும் செயற்கை முறை) போடுவதா, நாம்பனிடம் (காளையிடம்) விடுவதா? வன்னியில், கிளிநொச்சியில் கொட்டிலில் கட்டி வளர்க்கிற இரண்டு பசுவுக்கும், ஒட்டுசுட்டான் காட்டோரம் மேய்கிற மாட்டுப்பட்டிக்கும் ஒரே பதில் சொல்ல முடியாது. சினை ஊசிதான் எப்போதும் நல்லது என்று அடித்துச் சொல்பவர்கள் பெரும்பாலும் பட்டி வைத்திராதவர்கள்.

ஊசியில் எல்லாமே நேரம். பசுவுக்கு ஏறக்குறைய 21 நாளுக்கொருமுறை வேட்கை, அதாவது சினைப்பிடிக்கும் பருவம், வரும். வந்தால் 12 முதல் 18 மணித்தியாலம் நிற்கும். கத்துவதையும் தீன் குறைவதையும் மட்டும் நம்பக்கூடாது. முட்டை வெள்ளைக்கரு மாதிரித் தெளிந்த கோழை வழிந்து வால் மயிரில் ஒட்டியிருக்கும். மற்ற மாடு மேலே ஏறினால் விலகாமல் நிற்கும். காலையில் கண்டால் அன்று பின்னேரம், பின்னேரம் கண்டால் மறுநாள் காலை ஊசி. வேட்கை அடங்கிய பிறகுதான் சூல்முட்டை வெளிவருகிறது, அதனால்தான் இந்தக் கணக்கு. கொட்டில் மாட்டில் இதெல்லாம் கண்ணில் படும். காலபோக (மாரிகால நெல்) விதைப்போடு காட்டுப்பக்கம் சாய்த்துவிட்ட மாட்டில் யார் பார்ப்பது? நாம்பனுக்கு மணிக்கூடு வேண்டாம், மோப்பம் போதும்.

அதற்காக நாம்பன் இலவசம் என்று நினைக்க வேண்டாம். ஒரே நாம்பன் வருடக்கணக்காக நின்றால் தனக்குப் பிறந்த நாகுகளையே (இன்னும் ஈனாத இளம் பசுக்களையே) சினைப்படுத்தும், கன்றுகள் நோஞ்சானாகும். கலவியால் தொற்றிக் கருவைக் கலைக்கும் நோய்களும் உண்டு. வேண்டாமென்று கழித்த நாம்பன்களை நலமடிக்காமல் (காயடிக்காமல்) விட்டால், நீங்கள் தெரிந்தெடுத்த நல்ல நாம்பனால் பயனே இல்லை.

ஊசியின் பெரிய பலம் இனத்தெரிவு. திரவ நைட்ரஜனில் −196 பாகை செல்சியஸில் உறைந்திருக்கும் விந்தில் ஜேர்சி, சாஹிவால், பிரீசியன் என்று தெரிந்தெடுக்கலாம். பால் கணக்கைப் பார்த்துப் பிரீசியனுக்குத்தான் பலர் ஆசைப்படுவார்கள். வன்னி வெயிலில் அது மூச்சிரைக்கும். வெக்கையையும் உண்ணியையும் தாங்குகிற சாஹிவால் கலப்பே எனக்குப் பிடிக்கும். சின்ன நாட்டு நாகுக்குப் பேரின விந்து ஏற்றினால் கன்று பெரிதாகி ஈனும்போது சிக்கும். தலைச்சினைக்கு நாட்டு நாம்பனே போதும்.

ஆக, கட்டிய பசுவுக்கு ஊசி; பட்டிக்கு ஒரு நல்ல நாம்பன், இரண்டு மூன்று வருடத்தில் வேறு பட்டியோடு மாற்றிக்கொள்ளலாம். எருமை வைத்திருப்பவர்கள் யோசிக்கவே வேண்டாம்: அதன் வேட்கை வெளியில் அவ்வளவாகத் தெரியாது, வந்தாலும் பெரும்பாலும் இரவில். கடாவிடமே விட்டுவிடுங்கள்.