காலவரிசையா, சான்றுகளா? ஆதிமனிதர் பாடத்தை நடத்த இரண்டு வழிகள்

உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வரலாற்றுக்கு முந்தைய காலத்தை நடத்தப் பெரும்பாலும் இரண்டு வழிகள்தான் கையாளப்படுகின்றன. ஒன்று காலவரிசை. எழுபது லட்சம் ஆண்டுகளுக்கு முன் தொடங்கி ஆஸ்ட்ரலோபித்தகஸ், ஹோமோ ஹேபிலிஸ், ஹோமோ எரக்டஸ், நியாண்டர்தால், பிறகு நாம் என்று இறங்கி வருவது. இன்னொன்று சான்றிலிருந்து தொடங்குவது. ஒரு மண்டையோட்டு வார்ப்பையோ காலடித் தடத்தின் படத்தையோ மேசையில் வைத்துவிட்டு, இதிலிருந்து என்ன தெரிகிறது, என்ன தெரியவில்லை, வயதை எப்படிக் கணித்தார்கள் என்று கேட்டுக்கொண்டே போவது. இரண்டையும் வகுப்பில் நடத்திப் பார்த்திருக்கிறேன். இப்போது இரண்டாவதோடு நிற்கிறேன். அதனால் இந்த அலசல் ஒரு பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

காலவரிசையின் நன்மைகள் எல்லோருக்கும் தெரிந்தவை. பாடநூல் அந்த வரிசையில்தான் இருக்கிறது, தேர்வும் அதைத்தான் கேட்கிறது. ஒரு நாள் விடுப்பு எடுத்த பிள்ளை குறிப்பைப் படித்து ஈடுகட்டிவிடலாம். ஆசிரியருக்கும் தயாரிப்பு குறைவு.

ஆனால் அந்த வரிசை ஒரு படத்தையும் கூடவே கூட்டி வருகிறது. குனிந்த குரங்கு ஒன்று மெல்ல மெல்ல நிமிர்ந்து ஈட்டியோடு நடக்கும் மனிதனாக முடியும் படம். 1965-ல் வரையப்பட்டது, இன்றைக்கு டீ-ஷர்ட் வரை வந்துவிட்டது. "அப்படின்னா இன்னும் ஏன் சார் குரங்கு இருக்கு?" என்ற கேள்வி பிறப்பதே அந்தப் படத்திலிருந்துதான். சிம்பன்சியும் நாமும் ஒரே மூதாதையிடமிருந்து பிரிந்த கிளைகள் என்று எத்தனை முறை சொன்னாலும், கரும்பலகையில் மேலிருந்து கீழாக எழுதிய பட்டியல் அதற்கு நேர்மாறாகச் சொல்லிக்கொண்டே இருக்கும். மூன்று லட்சம் ஆண்டுகளுக்கு முன் நம் இனத்தின் ஆரம்பகால ஆட்கள் வட ஆப்பிரிக்காவில், ஹோமோ நலேடி என்ற சின்ன மூளை மனித இனம் தென்னாப்பிரிக்காவில், நியாண்டர்தால்கள் ஐரோப்பாவில் என்று ஒரே காலத்தில் வாழ்ந்ததை ஒற்றை வரிசையில் எங்கே எழுதுவது?

இனி சான்று வழி. நான் வழக்கமாகத் தொடங்குவது இரண்டு மண்டையோட்டு வார்ப்புகளோடு. ஒன்று சிம்பன்சி, ஒன்று ஆஸ்ட்ரலோபித்தகஸ். முகத்தை ஒப்பிடச் சொல்லாமல் இரண்டையும் கவிழ்க்கச் சொல்வேன். அடியில், தண்டுவடம் மூளைக்குள் நுழையும் பெருந்துளை இருக்கும். அதில் ஒரு பென்சிலைச் செருகி, முகம் நேராகப் பார்க்கும்படி மண்டையோட்டைப் பிடித்தால், சிம்பன்சியின் பென்சில் பின்பக்கமாகச் சாய்ந்து நிற்கும். மற்றதன் பென்சில் ஏறக்குறைய நேர் கீழே இறங்கும். ஏன் என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும், அதுதான் கஷ்டம். யாராவது ஒருவர் தன் பிடரியைத் தடவிப் பார்ப்பார், அடுத்து இன்னொருவர். கொஞ்ச நேரத்தில் "இது நிமிர்ந்து நடந்திருக்கு" என்று பின்வரிசையிலிருந்து பதில் வந்துவிடும்.

1924-ல் தென்னாப்பிரிக்காவின் டவுங்கில் கிடைத்த குழந்தை மண்டையோட்டை வைத்து உடற்கூறியல் பேராசிரியர் ரேமண்ட் டார்ட் செய்ததும் இதே யோசனைதான். மூளை சின்னது, ஆனால் துளை முன்னால் தள்ளி இருக்கிறது, ஆகவே இது இரண்டு காலில் நடந்த உயிர் என்றார். அன்றைய பெரிய தலைகள் பலர் நம்பவில்லை. அவர்கள் எதிர்பார்த்தது முதலில் பெரிய மூளையை. அந்த எதிர்பார்ப்புக்குத் தோதாக இங்கிலாந்தில் பில்ட்டவுன் மனிதன் ஏற்கெனவே கிடைத்திருந்தான். 1912-ல் அறிவிக்கப்பட்டது, பெரிய மண்டை, குரங்குத் தாடை. 1953-ல் அது மோசடி என்று நிரூபணமானது: மனித மண்டையோடு, ஒராங்குட்டான் தாடை, அரம் கொண்டு தேய்த்த பற்கள். காலவரிசையில் பில்ட்டவுனுக்கு இடமே கிடையாது, ஏனென்றால் அப்படி ஓர் இனமே இருந்ததில்லை. சான்று வழியில் இதைவிடச் சுவாரசியமான பாடவேளை எனக்குத் தெரிந்து இல்லை. தேய்த்த கீறல்கள் பல்லிலேயே இருந்தும் நாற்பது ஆண்டு ஏன் யாரும் சரியாகப் பார்க்கவில்லை என்று பிள்ளைகள் உண்மையாகவே கோபப்படுகிறார்கள்.

அடுத்து தான்சானியாவின் லேட்டோலி. 1978-ல் தொல்லியலாளர் மேரி லீக்கியின் குழு வெளிக்கொணர்ந்த காலடித் தடங்கள், வயது சுமார் 36.6 லட்சம் ஆண்டுகள். எரிமலைச் சாம்பல் விழுந்து மழையில் நனைந்து, அதன்மேல் நடந்தவர்களின் தடம் இறுகிப்போயிருக்கிறது. கட்டைவிரல் மற்ற விரல்களோடு ஒட்டியே இருக்கிறது, குதிகால் ஆழமாகப் பதிந்திருக்கிறது, நம் நடையைப் போலவே. இதுவரை கிடைத்தவற்றிலேயே பழைய கற்கருவிகள் கென்யாவின் லொமேக்வியில் கிடைத்தவை, 33 லட்சம் ஆண்டுகள். நடை முந்தியது, பெரிய மூளை வெகுகாலம் கழித்து வந்தது என்ற முடிவை இங்கே நான் சொல்ல வேண்டியதில்லை.

சரி, சுவாரசியம் மட்டுமே காரணம் என்றால் நான் மாறியிருக்க மாட்டேன். காலவரிசையையும் நன்றாகக் கதை சொல்லி நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்குத் தீர்மானமான காரணம் பராமரிப்பு. இந்தப் பாடத்தைப் போல வேகமாகக் காலாவதியாகும் பாடம் வரலாற்றில் வேறு எதுவும் இல்லை. ஒருமுறை எழுதிய குறிப்பை எத்தனை ஆண்டு வைத்துக்கொள்ளலாம் என்று பார்த்தால் இரண்டு வழிகளுக்கும் உள்ள வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

கடந்த இருபது ஆண்டுகளில் நடந்ததை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நம் இனத்தின் மிகப் பழைய எலும்புகள் எத்தியோப்பியாவின் ஓமோவில் கிடைத்தவை, வயது 1,95,000 ஆண்டுகள் என்று நடத்தினோம். 2017-ல் மொராக்கோவின் ஜெபல் இர்ஹூத் எலும்புகளுக்கு ஏறத்தாழ 3 லட்சம் என்று வந்தது. 2022-ல் ஓமோவின் வயதும் குறைந்தது 2.3 லட்சம் என்று திருத்தப்பட்டது. இந்தோனேசியாவின் ஃபுளோரஸ் தீவில் 2003-ல் கிடைத்த குள்ள மனிதர்கள் 18,000 ஆண்டுகளுக்கு முன்புவரை வாழ்ந்ததாக முதலில் சொன்னார்கள். 2016-ல் எலும்புகளின் வயது 60,000 முதல் 1,00,000 ஆண்டுகள் என்று மாறியது. ஹோமோ நலேடி 2015-ல் வெளிவந்தபோது வயதே சொல்லப்படவில்லை. சின்ன மூளையைப் பார்த்து இருபது லட்சம் இருக்கலாம் என்று ஊகித்தவர்கள் உண்டு. 2017-ல் கிடைத்த விடை 2,36,000 முதல் 3,35,000 ஆண்டுகள். 2010 வரை டெனிசோவன் என்று ஒரு கூட்டம் இருந்ததே யாருக்கும் தெரியாது. சைபீரியக் குகையில் கிடைத்த ஒரு விரல் எலும்பின் டிஎன்ஏ காட்டிக்கொடுத்தது.

காலவரிசைக் குறிப்பில் இப்படி ஒன்று மாறினால் அதைத் தொட்டு நிற்கும் எல்லாம் ஆடும். வரைபடம், அட்டவணை, பொருத்துக வினா, பழைய மாணவர்களிடமிருந்து கைமாறி வந்த நகல் என்று ஒவ்வொன்றையும் திருத்த வேண்டும். திருத்தினாலும், "போன வருஷம் வேற சொன்னீங்கன்னு அண்ணன் சொல்றான்" என்று ஒரு பிள்ளை கேட்கும்போது பதில் சொல்வது சங்கடம். சான்று வழியில் அதே செய்தி வந்தால் பாடத்துக்கு ஒரு பக்கம் கூடுகிறது, அவ்வளவே. பழைய வயது, புதிய வயது, எந்த மண் அடுக்கைத் தவறாகப் படித்தார்கள் என்று மூன்றையும் பக்கத்தில் வைத்தால் அதுவே ஒரு பாடவேளை. ஃபுளோரஸில் நடந்தது அதுதான். எலும்பு கிடந்த படிவும் அதை ஒட்டியிருந்த பிந்தைய படிவும் குழப்பமாகிவிட்டன. பென்சிலும் மண்டையோடும் எந்தத் திருத்தத்தாலும் பழசாவதில்லை.

வயதுக் கணிப்பையும் இங்கே சேர்க்க வேண்டும். காலவரிசையில் வயது என்பது மனப்பாடம் செய்யும் எண். அதனால் எத்தியோப்பியாவில் கிடைத்த லூசி என்ற ஆஸ்ட்ரலோபித்தகஸ் எலும்புக்கூட்டின் 32 லட்சம் ஆண்டைக் கார்பன் முறையில் கண்டுபிடித்ததாகப் பிள்ளைகள் தாராளமாக எழுதுவார்கள். கார்பன்-14 பாதியாகக் குறைய 5,730 ஆண்டுகள். பத்து முறை பாதியானால் மிஞ்சுவது ஆயிரத்தில் ஒரு பங்கு. ஆகவே சுமார் 50,000 ஆண்டுகளுக்கு அப்பால் அந்த முறை எடுபடாது. கால்குலேட்டரில் அவர்களே வகுத்துப் பார்த்துவிட்டால் பிறகு மறப்பதில்லை. லூசிக்கு எரிமலைச் சாம்பல் அடுக்கும், அதில் சேர்ந்திருக்கும் ஆர்கான் வாயுவை அளந்து வயதைக் கணிக்கும் ஆர்கான் முறையும் ஏன் தேவைப்பட்டன என்பது தானாகவே விளங்கிவிடும்.

குறை இல்லாமல் இல்லை. சான்று வழி மெதுவானது. நாலு சான்றுகளை அலசி முடிக்கும் நேரத்தில் பக்கத்து வகுப்பு வேளாண்மைப் புரட்சிக்குப் போயிருக்கும். இன்னொன்று, சட்டகம் இல்லாமல் தனித்தனிச் சான்றுகளாகவே பார்த்தால் எது முந்தி, எது பிந்தி என்பது பிள்ளைகளின் தலையில் கலங்கிவிடும். இதற்கு நான் காலவரிசையிடமே கடன் வாங்கியிருக்கிறேன். வகுப்புச் சுவரில் ஏழு மீட்டர் கயிறு, ஒரு மீட்டருக்குப் பத்து லட்சம் ஆண்டு. ஒவ்வொரு சான்றும் கிளிப்பில் தொங்கும் ஒரு சீட்டு, வயது பென்சிலில் மட்டும். சீட்டின் அகலம்தான் வயதில் உள்ள நிச்சயமின்மை. நலேடியின் சீட்டு பத்து சென்டிமீட்டர் அகலம். கயிற்றின் கடைசி முப்பது சென்டிமீட்டரில் நம் இனம், கடைசி ஒரு சென்டிமீட்டர் சொச்சத்தில் வேளாண்மை, அரை சென்டிமீட்டரில் எழுத்து. தேர்வுக்கு வேண்டிய வரிசை அந்தக் கயிற்றிலேயே கிடைத்துவிடுகிறது. புதுச் செய்தி வந்தால் கிளிப்பைக் கழற்றி நகர்த்தினால் போதும்.

வார்ப்புகள் வாங்க முடியாதவர்களுக்கு ஒரு வழி உண்டு. ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் தளத்தில் முப்பரிமாண மண்டையோடுகளைத் திரையில் திருப்பிப் பார்க்கலாம். நலேடியின் ஸ்கேன் கோப்புகளை மார்ஃபோசோர்ஸ் தளத்தில் இலவசமாக எடுத்து அச்சிடலாம். திரையில் பார்ப்பதற்கும் கையில் பிடிப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது, ஆனால் துளை எங்கே என்று பார்க்கத் திரையே போதும்.

கல்லை உடைத்துக் கருவி செய்து பார்க்கும் வகுப்புகளும் சில இடங்களில் நடக்கின்றன. அதில் என் அனுபவம் குறைவு. சோப்புக் கட்டியில் செதுக்க விட்டிருக்கிறேன், அவ்வளவுதான். கல் சில்லு கண்ணில் தெறிக்கும் என்பதால் பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் நிஜக் கல்லை அனுமதிக்க எனக்குத் தைரியம் இல்லை. அறுபது எழுபது பேர் கொண்ட வகுப்பில் சான்று வழி எப்படி நடக்கும் என்பதும் எனக்கு நேரடியாகத் தெரியாது, குழுவாகப் பிரித்தாலும் வார்ப்பு எல்லாக் கைக்கும் போய்ச் சேர வேண்டுமே. வீட்டில் படைப்புக் கதையை நம்பும் பிள்ளைகளிடம் இந்த வழி சிக்கலைக் குறைக்கிறது என்று தோன்றுகிறது. "நீ என்ன பார்க்கிறாய்" என்று கேட்பதில் யாரோடும் மோதல் வருவதில்லை. ஆனால் அப்படிப்பட்ட வகுப்புகள் எனக்கு அதிகம் வாய்த்ததில்லை, உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

மொத்தமே நாலு பாடவேளைதான் ஒதுக்கியிருக்கிறார்கள் என்றால் முழுக்க மாற வேண்டாம். மூன்றைக் காலவரிசைக்கே விட்டுவிட்டு, முதல் வேளையில் மட்டும் பென்சிலும் மண்டையோடும். இரண்டாவதாக ஒரு வேளை கூடுதலாகக் கிடைத்தால் பில்ட்டவுன். கயிற்றை மட்டும் முதல் நாளே கட்டிவிடுங்கள்.