ஓசிடிக்கு யாரிடம் போவது: 14416 முதல் தனியார் தெரபிஸ்ட் வரை

கை கழுவிக் கழுவியே தோல் உரிந்துபோனவரிடம் "நல்ல கவுன்சலரா ஒருத்தரைப் பாருங்க" என்று மட்டும் சொல்லி அனுப்புவது போதாது. வேண்டாத எண்ணமும் பயமும் திரும்பத் திரும்ப வந்து, அதைத் தணிக்க ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்ய வைக்கும் மனநலப் பிரச்சினைதான் ஓசிடி. அதற்குப் பலன் தரும் என்று நிறுவப்பட்ட பேச்சு சிகிச்சை இருக்கிறது. ஈஆர்பி என்பார்கள்: பயப்படும் விஷயத்தைப் படிப்படியாக எதிர்கொண்டு, கை கழுவுவது போன்ற செயலைச் செய்யாமல் இருக்கப் பழகுவது. அதைச் செய்யத் தெரிந்தவரா என்பதை வைத்தே இந்தச் சேவைகளை எடைபோடுகிறோம்.

14416 என்பது டெலி மானஸ் என்ற மனநல உதவித் தொலைபேசி எண். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கியது. கட்டணம் கிடையாது, எந்த நேரமும் தமிழில் பேசலாம். எங்கே போவதென்றே தெரியாமல் திகைத்து நிற்பவருக்கு நல்ல முதல் படி. ஆனால் வாராவாரம் ஒரே ஆளோடு நடக்க வேண்டிய சிகிச்சையை இதில் எதிர்பார்க்க வேண்டாம். பக்கத்தில் யாரைப் பார்க்கலாம் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் நோயைக் கண்டறிந்து மருந்தும் இலவசமாகத் தருகிறார்கள். கூட்டம் அதிகம், மருத்துவர் பேசக் கிடைப்பது சில நிமிடங்கள். அதனால் அங்கே கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், அதாவது பேச்சு சிகிச்சை தரும் உளவியல் நிபுணர், இருக்கிறாரா என்று நீங்களே கேளுங்கள். இன்னொன்று: ஓசிடிக்கான மருந்து முழுப் பலன் காட்ட 8 முதல் 12 வாரம் ஆகும். இரண்டே வாரத்தில் "கேட்கலை" என்று நிறுத்திவிடுவதுதான் பலர் செய்யும் தவறு.

தனியாரிடம்தான் அதிக கவனம் தேவை. பலகையில் 'சைக்காலஜிஸ்ட்' என்று எழுதியிருந்தால் மட்டும் போதாது. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு எண் இருக்க வேண்டும். கேட்டால் தயங்காமல் சொல்வார்கள், கவுன்சிலின் இணையதளத்தில் சரிபார்க்கலாம். பதிவு இருந்தாலும் ஈஆர்பி தெரியும் என்று அர்த்தமில்லை. பணம் கட்டும் முன் போனிலேயே, "ஓசிடிக்கு முதல் நாலு செஷன்ல என்ன செய்வீங்க?" என்று கேளுங்கள். பயப்படும் விஷயங்களைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 100 வரை மதிப்பெண் போட்டு, தாங்கக்கூடிய ஒன்றிலிருந்து தொடங்குவோம், தினமும் வீட்டுப் பயிற்சி உண்டு என்றால் நம்பிப் போகலாம். "மனசை ரிலாக்ஸ் பண்ணக் கத்துத் தருவோம்" என்பதோடு நின்றால் வேறு ஆளைத் தேடுங்கள்.

நல்ல செஷன் எப்படி இருக்கும்? கழிவறைக் கதவின் கைப்பிடியைத் தெரபிஸ்ட் முதலில் தானே தொடுவார். பிறகு நீங்கள் தொடுவீர்கள், கழுவாமல் உட்கார்ந்திருப்பீர்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை "பதற்றம் இப்போ எத்தனை?" என்று கேட்டு 70, 75, 60 என்று குறித்துக்கொள்வார். அப்போது நீங்கள் "எனக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?" என்று கேட்டால், "ஆகாது" என்று அவர் சொல்லக் கூடாது. அன்பாகச் சொன்னாலும் அந்த ஆறுதல் கை கழுவுவது போலத்தான்: பயம் சற்றே தணியும், அடுத்த முறை இன்னும் பலமாகத் திரும்பி வரும். வீட்டில் அம்மா நாளுக்கு இருபது தடவை "சுத்தமாத்தான் இருக்குப்பா" என்று சொல்வதும் இதேதான். குடும்பத்தாரை ஒரு செஷனுக்காவது அழைத்து இதை விளக்காத தெரபிஸ்ட் பாதி வேலையைத்தான் செய்கிறார்.

வீடியோ செஷனைக் குறைவாக நினைக்க வேண்டாம். பயம் உங்கள் வீட்டுக் குளியலறையில்தான் என்றால் பயிற்சியும் அங்கேயே நடக்கும். முதல் செஷன் முடியும் முன் பத்து செஷன் பேக்கேஜ் மட்டும் வாங்காதீர்கள்.

பொதுவாக 12 முதல் 20 செஷன் ஆகும். தொடக்கத்திலேயே, ஓசிடியின் தீவிரத்தை அளக்கும் ஒய்-பாக்ஸ் என்ற 40 மதிப்பெண் அளவுகோலில் உங்கள் நிலையைக் குறிக்கச் சொல்லுங்கள். 26-இல் தொடங்கி 17-க்கு வந்தால் நல்ல முன்னேற்றம். ஐந்தாவது செஷன் வரை ஒரு பயிற்சியும் தொடங்கவில்லை என்றால் காரணம் கேளுங்கள். சரியான பதில் இல்லையென்றால் மாறிவிடலாம். கிளம்பும்போது உங்கள் சிகிச்சைப் பதிவுகளைக் கேட்டு வாங்குங்கள். 2017 மனநலச் சட்டம் அந்த உரிமையைத் தருகிறது. புதியவரிடம் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்காது.