லினக்ஸுக்குத் தமிழ் ஓசிஆர் என்று 16,520 ரூபாய் போனது: டிடிபி கடைக்காரர்கள் கவனத்துக்கு

நேற்று மதியம் அந்த விற்பனையாள் வாட்ஸப்பில் என்னை பிளாக் செய்துவிட்டான். முகப்புப் படம் மறைந்துவிட்டது, எது அனுப்பினாலும் ஒற்றை டிக்கோடு நிற்கிறது. பதினொரு நாள் பொறுத்தேன், இனி பொறுக்க ஒன்றுமில்லை. ஸ்கேன் செய்த பக்கத்தை எழுத்தாக மாற்றும் ஓசிஆர் மென்பொருள் என்று அவனிடம் வாங்கியதில் போனது 16,520 ரூபாய். விண்டோஸை விட்டு லினக்ஸ் இயங்குதளத்துக்கு மாறியிருக்கும் டிடிபி கடைக்காரர்கள் தயவுசெய்து முழுதும் படியுங்கள்.

திருவல்லிக்கேணியில் பதினான்கு வருடமாக டிடிபி, ஜெராக்ஸ் கடை நடத்துகிறேன். கடையில் இரண்டு கணினி, இரண்டும் இன்டெல் ஆறாம் தலைமுறை. விண்டோஸ் 11 அதில் ஏறாது. 2025 அக்டோபரில் விண்டோஸ் 10க்கு ஆதரவு நின்றதும், கல்லூரியில் படிக்கும் என் மகன் இரண்டிலும் உபுண்டு 24.04 என்ற லினக்ஸ் பதிப்பைப் போட்டுக் கொடுத்தான். தமிழ்99 விசைப்பலகை, லிப்ரே ஆபிஸ், இங்க்ஸ்கேப் எல்லாம் கைக்கு வந்துவிட்டது. வேலை தடையில்லாமல் ஓடியது.

போன மாதம் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், தன் அப்பா எழுதிய புத்தகத்தைக் கொண்டுவந்தார். 312 பக்கம், 1950களில் அச்சானது. அப்பாவின் நினைவு நாளுக்குள் மறுபதிப்பு வேண்டும் என்றார். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சு. லை, னை எல்லாம் துதிக்கை போட்ட பழைய வடிவம், றா, னா எல்லாம் சுழித்த வடிவம். தட்டச்சு செய்தால் ஒன்றரை மாதமாகும். ஸ்கேன் செய்து எழுத்தாக மாற்றும் ஓசிஆர் மென்பொருள் இருந்தால் திருத்தம் மட்டும் போட்டால் போதுமே என்று தேடினேன்.

லினக்ஸ் வைத்திருப்பவர்கள் மென்பொருளுக்குக் காசு தரமாட்டார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. நான் அப்படி இல்லை. உழைத்துச் செய்தவனுக்குக் கூலி போக வேண்டும் என்று நினைப்பவள். அதனால்தான் ரிச்சி தெருப் பக்கம் ஒரு சந்தில், மாடியில் இருக்கும் மென்பொருள் கடைக்கு ஏறினேன்.

அந்தப் பையனுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். "அக்கா, உட்காருங்க" என்று மின்விசிறியை என் பக்கம் திருப்பிவிட்டு, டீ சொன்னான். தன் மடிக்கணினியில் உபுண்டு திறந்து ஒரு தமிழ்ப் பக்கத்தை ஓட்டிக் காட்டினான். ஒரு தப்பில்லாமல் எழுத்தாக வந்தது. நான் புத்தகத்தை எடுத்து நீட்டினேன். "ஸ்கேனர் சர்வீஸ்ல இருக்குக்கா, ஆனா பழைய எழுத்தும் படிக்கும், எங்க ஆளுங்க மூணு வருஷம் உட்கார்ந்து செஞ்ச எஞ்சின் இது" என்றான். அங்கேயே எழுந்திருக்க வேண்டும். டீ கையில் இருந்தது, எழவில்லை.

விலை 14,000, ஜிஎஸ்டி 18 சதவீதம் 2,520. ஆயுள் உரிமம் என்றான். பணம் வந்ததை அறிவிக்கும் டப்பா கல்லாவில் இருந்தது, அது பதினாறாயிரத்து ஐந்நூற்று இருபது ரூபாய் பெறப்பட்டது என்று தமிழில் கணீரென்று சொன்னது. உரிமச் சாவி இருந்த அட்டையைச் சுரண்டி, "வேலை செய்யுதான்னு செக் பண்ணித் தர்றேன்க்கா" என்று உரிமச் சாவியைத் தன் மடிக்கணினியிலேயே அடித்துப் பார்த்தான். நமக்காக மெனக்கெடுகிறானே என்று நினைத்தேன். என் சாவி அவன் கணினியில் பதிவாகிக்கொண்டிருந்தது எனக்கு அப்போது தெரியவில்லை.

கடைக்கு வந்து நிறுவினால் ஏறவே இல்லை. லிப்எஸ்எஸ்எல் 1.1 வேண்டும், கிடைக்கவில்லை என்றது. மகன் பார்த்துச் சொன்னான்: அது பழைய ஓப்பன்எஸ்எஸ்எல் நூலகம், 2023 செப்டம்பரிலேயே அதற்கு ஆதரவு நின்றுவிட்டது, உபுண்டு 22.04 வந்தபோதே அதை எடுத்துவிட்டார்கள். கடைப் பையன் காட்டியது உபுண்டு 20.04இல் ஓடிய பழைய சரக்கு. என்னிடம் இருப்பது 24.04 என்று இரண்டு தடவை சொல்லித்தான் வாங்கினேன்.

போன் செய்தேன். "லினக்ஸ்னா அப்படி இப்படி இருக்கும்க்கா, டெவலப்பர்கிட்ட சொல்லியிருக்கேன்." இரண்டு நாள் கழித்து, "டெவலப்பர் ஊருக்குப் போயிருக்கார்." அடுத்து விண்டோஸ் பதிப்பை அனுப்பி, "வைன் போட்டு ஓட்டிக்கோங்க." வைன் இருந்தால் விண்டோஸ் நிரல்கள் சிலது லினக்ஸில் ஓடும், அது உண்மை. இதுவும் திறந்தது. ஆனால் சாவி கேட்கும் இடத்தில், இந்தச் சாவி வேறு கணினியில் பதிவாகியுள்ளது என்றது. நேரில் போனேன். முதலாளி என்று ஒருவர் தலை நிமிராமல், "சாவி சுரண்டினா ரிட்டர்ன் கிடையாதும்மா, போர்டுல போட்டிருக்கோமே" என்றார். சுரண்டியது உங்கள் ஆள் என்றேன். பதிலே இல்லை. பையன் அன்றைக்கு மின்விசிறியைத் திருப்பவில்லை.

இதைவிட வயிற்றெரிச்சல் முந்தாநாள் ராத்திரி. மகன் அந்த நிறுவல் கோப்பைப் பிரித்துப் பார்த்தான். டெப் கோப்பு என்பது ஒரு கட்டு மாதிரிதான், அவிழ்த்தால் உள்ளே இருப்பது தெரியும். உள்ளே டெசராக்ட். யாரும் காசில்லாமல் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய திறமூல ஓசிஆர். எச்பி நிறுவனத்தில் உருவாகி 2005இல் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. இதில் இருந்த தமிழுக்கான பயிற்சித் தரவுக் கோப்பையும், டெசராக்டுக்கு இலவசமாகக் கிடைக்கும் அதே கோப்பையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டான். ஒரு பைட்கூட மாறவில்லை. மூன்று வருடம் உட்கார்ந்து செய்த எஞ்சின் இதுதான். உபுண்டுவில் ஒரு வரிக் கட்டளையில் காசில்லாமல் இறங்குவதற்கு நான் கொடுத்தது 16,520 ரூபாய்.

திறமூலத்தை விற்பது குற்றமில்லை, உரிமம் அனுமதிக்கிறது என்று மகன் சொன்னான். சரி. நல்ல முகப்பு செய்து, ஆதரவு கொடுத்து, உள்ளே இன்னது இருக்கிறது என்று சொல்லி விற்றிருந்தால் சந்தோஷமாகக் கொடுத்திருப்பேன். பொய் சொல்லி, ஓடாததை விற்று, சாவியையும் தன் கணினியிலேயே பதிந்துகொண்டான். அதைத்தான் கேட்கிறேன். பழைய எழுத்தும் வராது. டெசராக்டில் நாங்களே அந்தப் புத்தகப் பக்கத்தை ஓட்டிப் பார்த்தோம், துதிக்கை லை வந்த இடமெல்லாம் கண்டதும் விழுகிறது.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், நேரமில்லை. உங்கள் கணினியில், உங்கள் பக்கத்தை ஓட்டிக் காட்டாமல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். உரிமச் சாவியை வேறு யாரையும் அடிக்க விடாதீர்கள். எந்த உபுண்டு பதிப்பில் ஓடும் என்பதை பில்லில் எழுதி வாங்குங்கள், அதுவும் ஜிஎஸ்டி எண் உள்ள பில். என்னிடம் ஜிஎஸ்டியை வாங்கிக்கொண்டு எஸ்டிமேட் சீட்டைத்தான் கொடுத்தார்கள், நான் வீட்டுக்கு வந்துதான் பார்த்தேன். நுகர்வோர் உதவி எண் 1915. இன்று காலை பேசிவிட்டேன். பணம் போன பரிவர்த்தனை எண்ணும் வாட்ஸப் உரையாடலும் கையில் இருக்கிறது, நீங்களும் எதையும் அழிக்காதீர்கள்.

ஆசிரியர் ஐயா நேற்றும் வந்து கேட்டார். கையால்தான் தட்டிக்கொண்டிருக்கிறேன், 71 பக்கம் முடிந்திருக்கிறது. இன்னும் 241 பக்கம்.