ஒத்திகைக்குப் பழைய மைக் செட்: உப்புக் காற்றில் தாங்கியது எது?

ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஊரில் எங்கள் மெல்லிசைக் குழு ஒத்திகை பார்க்கும் மாடி அறைக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு தெருவும் கொஞ்சம் மணலும்தான் இருக்கின்றன. கீபோர்டு, ரிதம் பேடு, தபேலா, பேஸ் கிடார், பாடகர்கள் இருவர் என்ற அளவில் உள்ள குழு இது. சந்தனக்கூடு, முளைப்பாரி, மாதா கோயில் திருவிழா என்று கச்சேரிக்குப் போகும் இடங்களில் ஒலி அமைப்பை அந்தந்த ஊர் சவுண்ட் சர்வீஸ்காரர்களே பார்த்துக்கொள்வதால், எங்களுக்குத் தேவைப்பட்டது ஒத்திகைக்கு மட்டுமான ஒரு செட். 35,000 ரூபாய்க்குள் முடிக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டு ராமேஸ்வரம், கீழக்கரை, ராமநாதபுரம் ஆகிய ஊர்களில் விற்பனைக்கு இருந்தவற்றைப் பார்த்தோம். கடைசியில் பரமக்குடியில் தொழிலை விட்டுவிட்ட ஒரு சவுண்ட் சர்வீஸ்காரரிடம் வாங்கினோம்: யமஹா எம்ஜி10எக்ஸ்யு மிக்சர் ஒன்று, ஒலியைப் பெருக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பும் இரண்டு சேனல் பவர் ஆம்ப் ஒன்று, பி ஆடியோ நிறுவனத்தின் 12 அங்குல ஸ்பீக்கர் பூட்டிய மரப் பெட்டிகள் இரண்டு. ஒரு வாடைக் காலத்தையும் ஒரு கச்சான் (தென்மேற்குக் காற்று) காலத்தையும் அந்த செட் கடந்துவிட்டதால், அதைப் பற்றி இப்போது நம்பிக்கையோடு எழுத முடிகிறது.

ஒத்திகை அறையில் சத்தம் தொலைவுக்குப் போக வேண்டியதில்லை. பாடுகிறவரின் வார்த்தை, வாத்தியங்களுக்கு நடுவே மங்காமல், முதலில் பாடுகிறவருக்கே கேட்க வேண்டும். அது கேட்காதபோது பாடகர் தொண்டையைக் கிழித்துக்கொண்டு பாடுவார், சுருதி விலகும். கீபோர்டுக்காரர் தன் ஒலியைக் கூட்டுவார், பேடு வாசிப்பவர் அதற்கு மேல் கூட்டுவார், அரை மணி நேரத்தில் யாருக்கும் எதுவும் கேட்காது. அசல் டிரம்ஸ் வைத்திருக்கும் குழுக்களுக்கு டிரம்ஸின் சத்தத்தைக் குறைக்க வழியில்லாததால் குரலை அதற்கு மேலே தூக்கியே ஆக வேண்டும். அவர்களுக்குப் பெரிய செட் தேவைப்படலாம். ரிதம் பேடு வைத்திருக்கும் குழுக்கள் எல்லாவற்றையும் ஒரே மிக்சரில் அடக்கிவிடலாம் என்பதால், வாட் கணக்கைப் பார்த்து மயங்க வேண்டிய அவசியமே இல்லை.

ஆனால் விற்கிறவர்கள் வாயிலிருந்து முதலில் வருவது வாட் கணக்குதான். வாட்டை இரட்டிப்பாக்கினால் ஒலி 3 டெசிபெல் மட்டுமே கூடும். காதுக்கு அது சற்றே கூடியதாகத் தெரியுமே தவிர இரண்டு மடங்காகத் தெரியாது. ஸ்பீக்கர் எவ்வளவு சிக்கனமாக மின்சாரத்தை ஒலியாக்குகிறது என்பதுதான் பெரிய விஷயம். 1 வாட் கொடுத்து 1 மீட்டர் தூரத்தில் அளந்தால் 97 டெசிபெல் தரும் பெட்டிக்கு 100 வாட் கொடுத்தால் 117 டெசிபெல் கிடைக்கும். ஒரு மாடி அறைக்கு அது தாராளமாகப் போதும். அதே வேலையைச் செய்ய 91 டெசிபெல் மட்டும் தரும் பெட்டிக்கு 400 வாட் வேண்டும். பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் எண் பெரும்பாலும் உச்ச அளவைத்தான் சொல்கிறது. நல்ல நிறுவனங்கள் இரண்டையும் பிரித்துச் சொல்கின்றன: யமஹா டிபிஆர்12 பெட்டிக்கு உச்சம் 1000 வாட், தொடர்ந்து தருவது 465 வாட். பெயர் தெரியாத பெட்டியில் 1500 என்று ஸ்டிக்கர் இருந்தால் அந்த எண்ணை விட்டுவிட்டு ஸ்பீக்கரின் பின்புறத்தைப் பார்ப்பதே நல்லது.

மிகக் குறைந்த விலைக்கு வந்தவை பந்தலில் கட்டும் அகுஜா ஆம்ப்பும் கூம்புக் குழாய்களும். நீண்ட வயரில் ஊர் முழுக்க அறிவிப்பைக் கொண்டுபோக 100 வோல்ட் லைன் முறை அருமையானது; வெயிலிலும் மழையிலும் உழைக்கும் அந்த ஆம்ப்புகள் மீது எனக்கு உண்மையான மரியாதை உண்டு. ஆனால் கூம்புக் குழாய் மனிதக் குரலின் நடுப்பகுதியை மட்டுமே வீசி எறியும். பேஸ் கிடாரும் தபேலாவின் கனத்த ஒலி தரும் டக்காவும் அதில் காணாமல் போய்விடும். பாட்டு ஒத்திகைக்கு அவை ஆகாது.

உண்மையான தேர்வு, ஆம்ப் உள்ளேயே இருக்கும் ஆக்டிவ் பெட்டிகளுக்கும் ஆம்ப் தனியாக இருக்கும் பழைய பாணிப் பெட்டிகளுக்கும் இடையில்தான். எடை குறைவு, வயர் குறைவு, ஆம்ப்பும் ஸ்பீக்கரும் ஒன்றுக்கொன்று பொருத்தி வடிவமைக்கப்பட்டவை ஆகிய காரணங்களால் இப்போது எல்லோரும் ஆக்டிவ் பெட்டியையே பரிந்துரைக்கிறார்கள். மதுரையிலோ திருச்சியிலோ இருக்கும் குழுவுக்கு நானும் அதையேதான் சொல்வேன். கடற்கரையில் இருப்பவர்களுக்கு, அதுவும் பழையது வாங்குகிறவர்களுக்கு, சொல்ல மாட்டேன். ராமேஸ்வரத்தில் கடலைப் பார்த்த ஒரு மண்டபத்தில் சில ஆண்டுகள் இருந்த ஆக்டிவ் ஜோடி ஒன்று எங்களுக்குப் பிடித்த விலையில் வந்தது. வெளியே துடைத்துப் பளபளப்பாக வைத்திருந்தார்கள். பின்பக்கத் தகட்டின் நான்கு திருகுகளில் இரண்டு துருவேறித் திரும்பவே மறுத்தன. ஒருவழியாகக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தபோது, சூட்டை வெளியேற்றும் அலுமினிய ஹீட் சிங்க்கின் இடுக்குகளில் வெள்ளை மாவு பூத்திருந்தது. ஸ்பீக்கருக்குப் போகும் வயரின் முனையில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. சர்க்யூட் போர்டில் கனெக்டர் கால்களைச் சுற்றிக் கறுத்திருந்தது. பெட்டி பாடியது, நன்றாகவே பாடியது. ஆனால் அந்த போர்டில் எந்தக் கால் எந்த நாளில் விட்டுப்போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. அது விட்டுப்போனால் முழு போர்டையும் மாற்ற வேண்டியிருக்கும். நின்றுபோன மாடலுக்கு போர்டு கிடைப்பது அரிது.

தனி ஆம்ப்பும் மரப் பெட்டியும் கெட்டாலும் பாகம் பாகமாகத்தான் கெடும். ஸ்பீக்கரின் கூம்பு வடிவ கோனோ, அதை அசைக்கும் கம்பிச் சுருளான காயிலோ போனால் மாற்றித் தருகிறவர்கள் மதுரை வரைக்கும் இருக்கிறார்கள். ஆம்ப் போனால் வாடகைக்கு ஒன்றை எடுத்து வந்து, அதே பெட்டிகளை மாட்டி, அன்றைய ஒத்திகையை முடித்துவிடலாம். இரண்டு பேர் சேர்ந்து தூக்க வேண்டிய எடை என்பது குறைதான். மாடியிலேயே நிரந்தரமாக வைத்திருக்கிற எங்களுக்கு அது பெரிய குறையாகத் தெரியவில்லை. கரையிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் பரமக்குடியில் புழங்கிய பொருள் என்பதும் எங்கள் முடிவுக்கு ஒரு காரணம். ஆம்ப்பின் மூடியைக் கழற்றியபோது உள்ளே தூசி நிறைய இருந்தது, களிம்பு இல்லை. தூசியை ஊதிவிடலாம்.

"நல்லாப் பாத்தே வாங்குங்க தம்பி, நாளைக்கு நீங்க திரும்பி வர்றது உங்களுக்கும் கஷ்டம், எனக்கும் கஷ்டம்" என்று சொல்லி, பெட்டிகளின் முன் கம்பி வலையை விற்றவரே கழற்றித் தந்தார். ஸ்பீக்கரின் விளிம்பு ஃபோமா துணியா என்று முதலில் பார்க்க வேண்டும். இந்த வெக்கையிலும் ஈரத்திலும் ஃபோம் விளிம்பு சில ஆண்டுகளில் உதிரும், மடிப்பு மடிப்பான துணி விளிம்பு தாங்கும். பிறகு இரண்டு கையின் விரல்களையும் கோனின் மேல் சமமாக வைத்து மெதுவாக உள்ளே அமுக்கி விட வேண்டும். உரசும் சத்தம் கேட்டால் காயில் சாய்ந்திருக்கிறது என்று பொருள். மல்டிமீட்டரில் 8 ஓம் ஸ்பீக்கர் 5.5 முதல் 7 ஓம் வரை காட்டும். அதில் பெரிய வித்தியாசம் இருந்தாலோ, இரண்டு பெட்டிகளும் வெவ்வேறாகக் காட்டினாலோ, ஏதோ ஒன்றில் வேறு காயில் போட்டிருக்கலாம், அல்லது காயில் கெட்டிருக்கலாம்.

அதன் பிறகுதான் ஒலியைக் கேட்க வேண்டும். கீபோர்டில் புல்லாங்குழல் ஒலியை வைத்து, கீழ் ஸ்தாயியிலிருந்து ஒவ்வொரு ஸ்வரமாக நிதானமாக ஏறிப்போனால், ஏதாவது ஒரு ஸ்வரத்தில் மட்டும் பெட்டி கரகரக்கும் இடம் அகப்பட்டுவிடும். எங்கள் பெட்டி ஒன்றில் அப்படி ஒரு கரகரப்பு வந்தது. கைப்பிடியின் திருகு தளர்ந்திருந்ததுதான் காரணம், முடுக்கியவுடன் நின்றுவிட்டது. மேல் ஸ்தாயியைத் தரும் ஹாரன் டிரைவரைச் சோதிக்கப் பாட்டுப் போட்டுப் பார்ப்பதைவிட, ஒருவரை மைக்கில் பேசவிட்டு, ஒவ்வொரு பெட்டியாகக் கேட்பது மேல். ‘ஸ’, ‘ஷ’ ஒலிகள் ஒரு பெட்டியில் கூர்மையாகவும் மற்றதில் போர்வைக்குள்ளிருந்து வருவதுபோலவும் கேட்டால், மங்கலாகக் கேட்கும் பெட்டியின் டிரைவரில் அதிர்ந்து ஒலி எழுப்பும் மெல்லிய சவ்வான டயஃப்ரம் போயிருக்கலாம். அதை மாற்றலாம், ஆனால் விலையில் குறைத்துக்கொள்ள வேண்டும்.

மிக்சரைப் பொறுத்தவரை எம்ஜி10எக்ஸ்யு இந்தத் தொகைக்கு நிறைவான பொருள். குரலுக்கு ஒலிப்பதிவுக்கூட வாடை தரும் 24 வகை எஃபெக்ட்கள், முதல் இரண்டு சேனல்களில் ஒலியின் ஏற்ற இறக்கத்தை ஒரே திருகு குமிழில் சமப்படுத்தும் கம்ப்ரசர், ஒத்திகையை அப்படியே கணினியில் பதிவு செய்துகொள்ள யுஎஸ்பி ஆகியவை இருக்கின்றன. பதிவைக் கேட்டுப் பார்க்கும் பழக்கம் எங்கள் பாடகர்களைத் திருத்திய அளவுக்கு வேறு எதுவும் திருத்தவில்லை. பழையதை வாங்குகிறவர் அடாப்டரை அவசியம் பார்க்க வேண்டும்: இந்த மிக்சருக்கு யமஹாவின் தனி அடாப்டர் உண்டு, வீட்டில் கிடக்கும் டிவி பெட்டி அடாப்டர் பொருந்தாது. ஒவ்வொரு திருகையும் முழுக்கத் திருப்பிப் பார்த்தபோது இரண்டு திருகுகள் சரசரத்தன; கான்டாக்ட் கிளீனர் அடித்ததும் சரியாகின. குறை என்று பார்த்தால், மைக் உள்ளீடு 4 மட்டுமே. பேஸ் கிடாரை மைக் உள்ளீட்டில் இணைக்க உதவும் டி.ஐ. பெட்டி வைத்தால் அதுவே ஒன்றை எடுத்துக்கொள்ள, மீதி மூன்றில் பாடகர் இருவரும் தபேலாவும் அடங்கிவிடுகிறார்கள். டோலக் வாசிப்பவர் வரும் நாளில் இடமில்லை.

மைக்குக்கு வருவோம். 1966 முதல் விற்பனையில் இருக்கும் ஷூர் எஸ்எம்58 மைக்குக்குச் சந்தையில் போலிகள் ஏராளம். அசலின் எடை 298 கிராம். சமையலறைத் தராசில் வைத்து அதைவிட நன்றாகக் குறைந்தால் வாங்காமல் வந்துவிடலாம், ஆனால் எடை சரியாக இருப்பதாலேயே அசல் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. மைக்கைப் பழையதாக வாங்குவதை நான் ஆதரிக்கவில்லை. பில்லோடு புதிதாக ஒன்று வாங்கிவிடலாம்.

மின்சார விஷயத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். செட்டில் உறுமல் வந்தால் பிளக்கின் எர்த் காலை எடுத்துவிடச் சொல்கிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். உறுமல் போகும், ஏதாவது ஒரு கருவியில் மின்கசிவு வரும் நாளில் மைக்கில் உதடு வைக்கிறவரின் உயிரும் போகலாம். எல்லாக் கருவிகளையும் எர்த் உள்ள ஒரே இடத்திலிருந்து இணைத்ததும் எங்களுக்கு உறுமல் பெரும்பாலும் அடங்கிவிட்டது.

உப்புக் காற்றுக்கு எதிராக நாங்கள் செய்வது அதிகமில்லை. ஆம்ப்பின் ஃபேன் வெளிக்காற்றை உள்ளே இழுக்கும் என்பதால் கடல் பக்கத்து ஜன்னலை ஒத்திகை நேரத்தில் சாத்துகிறோம். முடிந்ததும் சூடு ஆறவிட்டு மூடி வைக்கிறோம். ஒத்திகை இல்லாத வாரங்களிலும் செட்டைச் சிறிது நேரம் ஓடவிடுகிறோம். ஜாக் பின்களில் களிம்பு ஏறுவதை இதனால் முழுதாகத் தடுக்க முடியவில்லை, அவற்றை அவ்வப்போது துடைக்க வேண்டியிருக்கிறது.

மிக்சர், ஆம்ப், பெட்டிகள் மூன்றுக்கும் சேர்த்து 31,000 ரூபாய் கொடுத்தோம்; மைக்கும் வயர்களும் தனி. இந்தத் தொகைக்கு இது நல்ல வாங்கல் என்றே சொல்வேன். இதில் இல்லாதது, பாடகர் தன் குரலைத் தானே கேட்க வைக்கும் தனிப் பெட்டியான மானிட்டர். இந்த மிக்சரில் தனியாகக் கலந்து வெளியே அனுப்பும் வழி ஒன்றுதான், அதுவும் எஃபெக்ட்டோடு சேர்ந்தது என்பதால் எஃபெக்ட்டை விட்டுவிடாமல் தனி மானிட்டர் கலவைக்கு வாய்ப்பில்லை. ஆகவே இரண்டு பெட்டிகளையும் பாடகர்களைப் பார்த்தபடி எதிர்ச் சுவரில் நிறுத்தி, மைக்கின் பின்புறம் பெட்டியைப் பார்க்கும்படி வைத்திருக்கிறோம். எஸ்எம்58 பின்புறத்து ஒலியை மிகக் குறைவாகவே வாங்கும் என்பதால் மைக் கூவுவதில்லை. வலைத் தலையைக் கையால் பொத்திப் பிடித்தால் மட்டும் கூவும், அதைப் பாடகர்களிடம் சொல்லி வைத்திருக்கிறோம். இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்ற 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதியையும், அதைவிட முன்னதாகவே உறங்கி விடிவதற்குள் கடலுக்குப் போகும் அக்கம்பக்கத்தாரையும் மனதில் வைத்து, 8 மணிக்கே ஆம்ப்பை அணைத்துவிடுகிறோம். அந்த நேரத்திலும்கூட ஆம்ப்பின் திருகு பாதியைத் தாண்டியிருப்பதில்லை.