ஃபைலைக் கேசட்டில் ஏற்றுவது: பல வருடப் பழக்கத்திலிருந்து

பழைய கேசட்டைக் கணினிக்கு மாற்றித் தரச் சொல்பவர்களைத்தான் எல்லோருக்கும் தெரியும். நான் 2007-லிருந்து செய்துவருவது அதற்கு நேர் எதிர் வேலை. கணினியில் எடிட் செய்து முடித்த வீடியோவை டேப்பில் பதிவது. அப்போது காரணம் எளிது. ஒரு மணி நேர டிவி ஃபைல் சுமார் 13 ஜிபி பிடிக்கும் (இந்த 'டிவி' தொலைக்காட்சி இல்லை, டிஜிட்டல் வீடியோ). ஹார்ட் டிஸ்க்கில் அதற்கெல்லாம் இடம் கிடையாது. மினி-டிவி கேசட்டில் (வீடியோ கேமராவில் போடும் சின்னக் கேசட்) திருப்பி ஏற்றிவிட்டால் ஒரு பிரதி பத்திரமாக இருக்கும். இப்போது காரணம் வேறு: அப்பாவுக்கு வி.சி.ஆர். ரிமோட் மட்டும்தான் கைப்பழக்கம்.

முதலில் ஃபயர்வயர் வழி. கணினியையும் மினி-டிவி கேமராவையும் நேராக இணைக்கும் கேபிள் அது, டேப்பில் பதிவது கேமராதான். கேபிளில் போவது அதே டிஜிட்டல் தகவல்தான், அதனால் தரம் குறைவதில்லை. கேமராவை ஓட விடுவது, நிறுத்துவது எல்லாவற்றையும் எடிட்டிங் மென்பொருளே பார்த்துக்கொள்ளும். ஒரே சிக்கல், டேப் யாருக்காகவும் காத்திருக்காது. நொடிக்கு 3.6 எம்பி தடையில்லாமல் போய்க்கொண்டே இருக்க வேண்டும். ஒருமுறை 43-ஆவது நிமிடத்தில் ஆன்டிவைரஸ் தன் வேலையை ஆரம்பித்தது. நாலைந்து ஃபிரேம்கள் காணாமல் போயின. மறுபடி முதலிலிருந்து, மறுபடி ஒரு மணி நேரம்.

இதைவிடக் கொடுமை என் முதல் கேமரா. செகண்ட் ஹேண்டில் வாங்கியது. கணினிக்கு அழகாக வீடியோ கொடுத்தது, வாங்க மட்டும் மறுத்தது. மாதக்கணக்கில் கேபிளைச் சந்தேகப்பட்டேன். பிறகுதான் தெரிந்தது, ஐரோப்பாவுக்கென்று தயாரான பல கேமராக்களில் உள்வரும் வழியை அடைத்தே விற்றார்கள் என்பது. வெளியிலிருந்து வருவதைப் பதியும் கருவி என்றால் சுங்கத்தில் அதை வீடியோ ரெக்கார்டராகக் கணக்கிட்டு அதிக வரி போடுவார்களாம். பழைய கேமரா வாங்குபவர்கள் ஃபயர்வயர் துளைக்கு அருகில் 'டிவி அவுட்' (DV OUT) என்று இருக்கிறதா, 'டிவி இன்/அவுட்' (DV IN/OUT) என்று இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

வி.எச்.எஸ்.ஸுக்கு (வி.சி.ஆரில் போடும் பெரிய கேசட்) வந்தபோது எல்லோரும் சொன்ன ஹெச்டிஎம்ஐ மாற்றிப் பெட்டியை வாங்கினேன். ஒரு பக்கம் ஹெச்டிஎம்ஐ, மறுபக்கம் மஞ்சள், சிவப்பு, வெள்ளை. செருகினால் படம் வந்துவிடும், அதில் குறை இல்லை. ஆனால் பெட்டியின் பக்கவாட்டில் இருக்கும் பால்/என்டிஎஸ்சி சுவிட்சை (PAL, NTSC என்ற இரண்டு தொலைக்காட்சி முறைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது) கவனிக்காமல் விட்டு ஒரு கேசட் முழுக்கக் கறுப்பு வெள்ளையில் உருண்டது. அதோடு 16:9 என்ற அகலப் படத்தை இந்தப் பெட்டி அப்படியே பழைய தொலைக்காட்சியின் 4:3 அளவுக்குள் நசுக்குகிறது. எல்லோரும் ஒட்டடைக் குச்சிபோல ஆகிவிடுகிறார்கள். பிறகு 4:3 படத்தை முன்கூட்டியே அகலவாக்கில் இழுத்து வைக்க ஆரம்பித்தேன். பெட்டி நசுக்கும்போது சரியாகிவிட்டது. லேப்டாப்பின் யுஎஸ்பியிலிருந்தே பெட்டிக்கு மின்சாரம் கொடுத்தால் ஒலியில் ஒரு ரீங்காரம் வந்தது. தனி சார்ஜர் போட்டதும் நின்றது.

இந்தப் பெட்டியோடு இரண்டு வருடம் மல்லுக்கட்டிய பிறகு கேமராவுக்கே திரும்பிவிட்டேன். கணினியிலிருந்து ஃபயர்வயரில் கேமராவுக்கு, கேமராவின் ஏவி அவுட்டிலிருந்து வி.சி.ஆருக்கு. மஞ்சள் கேபிளுக்குப் பதில் எஸ்-வீடியோ கேபிள் போட வழி இருந்தால் படம் இன்னும் நல்லது. படத்தின் அளவு, ஃபிரேம் வேகம் எல்லாம் டேப்புக்கு ஏற்றபடி முன்பே அமைந்துவிடுகிறது. ஒரே ஓட்டத்தில் மினி-டிவி பிரதியும் கிடைக்கிறது.

எந்த வழியில் போனாலும் ஃபைலைத் தயார் செய்வதில்தான் பாதி வேலை. வி.எச்.எஸ்.ஸில் கிடைமட்டமாக சுமார் 240 கோடுகள் அளவுக்குத்தான் நுணுக்கம் நிற்கும். நிறத்துக்கு அதிலும் எவ்வளவோ குறைவு. சிவப்பு எழுத்து போட்டால் மழையில் நனைந்த மைபோலக் கசியும். மெல்லிய எழுத்துரு வேண்டவே வேண்டாம். படுக்கைவாக்கில் ஒல்லியான கோடு போட்டால் திரையில் துடித்துக்கொண்டே இருக்கும். பழைய தொலைக்காட்சிப் பெட்டி ஓரங்களை விழுங்கிவிடும் என்பதால் எழுத்துகளை நடுவிலுள்ள 80 சதவீதத்துக்குள் வைத்துக்கொள்கிறேன். டிவி வடிவத்தில் ஒவ்வொரு ஃபிரேமும் ஒன்றுவிட்டு ஒன்றான கோடுகள் கொண்ட இரண்டு பாதிகளாக (புலங்களாக) பதிவாகும், அதில் கீழ்ப்புலம் முதலில் வர வேண்டும். இதை மாற்றிவிட்டால் கணினித் திரையில் ஒன்றும் தெரியாது, ஆனால் டேப்பில் கேமரா பக்கவாட்டில் திரும்பும் காட்சியெல்லாம் உதறும். எஃப்எஃப்எம்பெக் (FFmpeg) என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் 'பால் டிவி' (pal-dv) இலக்கைத் தேர்ந்தெடுத்தால் 720-க்கு 576 அளவும் 48 கிலோஹெர்ட்ஸ் ஒலியும் தானாக அமைந்துவிடும். முன்னால் பத்து நொடி கறுப்பு சேர்ப்பேன், வி.சி.ஆர். நிதானத்துக்கு வரச் சில நொடிகள் பிடிக்குமே.

அப்புறம், ஹெச்டிஎம்ஐ பெட்டி வழியாகக் கணினித் திரையை அப்படியே பதிகிறவர்கள் இணையத்தைத் துண்டித்துவிட்டு, ஸ்க்ரீன்சேவரையும் நிறுத்திவிடுங்கள். என்னிடம் உள்ள ஒரு கேசட்டில் உருக்கமான காட்சியில் மெசேஜ் வந்த 'டிங்' சத்தம் இருக்கிறது. இன்னொன்றில் ஒரு மணி நேரமும் மவுஸ் அம்புக்குறி ஒருவர் மூக்கின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது.

இனி எத்தனை நாள் ஓடும் என்பது கருவிகளின் கையில். கடைசி வரை வி.சி.ஆர். தயாரித்துவந்த ஜப்பானின் ஃபுனாய் 2016 ஜூலையோடு நிறுத்திக்கொண்டது. புது லேப்டாப்புகளில் ஃபயர்வயர் துளை கிடையாது. இதற்கென்றே ஒரு பழைய டெஸ்க்டாப்பைக் கலைக்காமல் வைத்திருக்கிறேன், இணையம் இல்லை, அப்டேட்டும் இல்லை. ஒவ்வொரு முறையும் ஐந்து நிமிடம் வேறொரு கேசட்டில் பதிந்து, அதை வேறொரு வி.சி.ஆரில் போட்டுப் பார்த்த பிறகுதான் முழுப் பதிவு.

பதிந்ததும் கேசட்டின் முதுகிலிருக்கும் சின்னப் பிளாஸ்டிக் தடுப்பை உடைத்துவிடுகிறேன். ஒருமுறை உடைக்காமல் கொடுத்துவிட்டேன். அந்தப் படத்தின் நடுவில் இப்போது பதினொரு நிமிடம் வானிலை அறிக்கை ஓடுகிறது. அப்பா அதையும் தவறாமல் பார்க்கிறார்.